கலத்தைத் தரையில் ஓட்டிய கம்மியர்: வின்சென்சோ லான்சியா

தூத்துக்குடிக் கடற்கரையில் தோணி கட்டும் காட்சியைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். ஏரா எனப்படும் நெடிய அடிமரம் முதலில் கிடத்தப்பெறும். அதன் இருமருங்கிலும் வங்குக்கால்கள் விலா எலும்புகளைப் போல் வளைந்தெழும். அவற்றின்மீது ஓடாவிகள் பலகைகளை ஒன்றையொட்டி ஒன்றாகப் பொருத்துவர். இடுக்குகளில் பஞ்சடைத்த பின்னரே கலம் நீரைத் தொடும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகள் இவ்வாறு பிறந்தவையே. இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தோணியில் உடல் வேறு, சுமை தாங்கும் சட்டம் வேறு என்னும் பிரிவினை இல்லை. பலகையும் வங்கும் இணைந்த உடலே அலையின் அடியையும் சரக்கின் பாரத்தையும் ஒருங்கே தாங்குகிறது.

மோட்டார் வண்டி இவ்வாறு பிறக்கவில்லை. அது குதிரை வண்டியின் வழித்தோன்றல். நீண்ட இரும்புச் சட்டங்கள் இரண்டு, அவற்றின்மேல் பொறி, அவற்றின்மேலேயே மக்கள் அமரும் பெட்டி. பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டாலும் வண்டி ஓடும். 1920-களின் தொடக்கம் வரை உலகத்து மகிழுந்துகள் ஏறத்தாழ யாவும் இம்முறையில் அமைந்தவையே. கலத்தின் உடலமைப்பைச் சாலை வண்டிக்குக் கொணர்ந்து, அதனைப் பல்லாயிரக்கணக்கில் செய்து விற்ற முன்னோடி, இத்தாலி நாட்டு வின்சென்சோ லான்சியா என்னும் பெருமகனார் ஆவார்.

இத்தாலி நம் முத்துக் கரைக்குப் புதியதன்று. காயல் துறையின் செல்வத்தையும் முத்துக் குளிப்பையும் கண்டெழுதிய மார்க்கோ போலோ வெனிஸ் நகரத்தவர். தமிழுக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவரும் இத்தாலியில் பிறந்தவரே. அந்நாட்டு இயந்திரக் கம்மியர் ஒருவரின் வரலாற்றைத் தமிழ்த்துறை மலர் ஒன்றில் எழுதுவது பொருந்துமா என ஐயுறும் மாணவர்க்கு இவ்வுறவே ஒரு விடையாகலாம். மற்றொரு விடையும் உண்டு; அது கட்டுரையின் பிற்பகுதியில் வரும். லான்சியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ஈட்டி என்பது பொருள். கப்பலோடு செல்லும் சிறு படகுக்கும் அம்மொழியில் இதே சொல் வழங்குவது, இவர் வாழ்க்கையை அறிந்தோர்க்கு வியப்பளிக்கும்.

கணக்கெழுத வந்தவர்

வின்சென்சோ 1881-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள், ஆல்ப்ஸ் மலையடிவாரத்துப் பொபெல்லோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கியுசெப்பே, அர்ஜென்டினா நாட்டில் பொருளீட்டித் திரும்பியவர். டப்பாக்களில் அடைத்த உணவு வாணிகத்தால் செல்வரானவர். மகன் ஏட்டுக் கல்வியில் தேறி மதிப்பான அலுவலில் அமர வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். மகனுக்கோ ஏட்டில் மனம் பற்றவில்லை.

தூரின் நகரில் இக்குடும்பத்துக்குரிய வீட்டின் முற்றத்தில் செய்ரானோ என்பவர் மிதிவண்டிப் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். 1898-இல் வின்சென்சோ அங்குக் கணக்கராகச் சேர்க்கப்பெற்றார். கணக்கேடு மேசையில் கிடக்க, கணக்கர் பட்டறையில் கிடந்தார். பொறியின் ஒலியைக் கேட்ட அளவிலேயே குறையைச் சொல்லும் செவித்திறன் அவருக்கு இயல்பாக அமைந்திருந்தது என்பர். பிற்காலத்தில் வாக்னரின் இசை நாடகங்களில் அவர் பெரிதும் ஈடுபட்டிருந்தமையும் இச்செவியின் விளைவே போலும்.

1899-இல் ஃபியட் நிறுவனம் தோன்றியது. அது செய்ரானோவின் பட்டறையை விலைக்கு வாங்கியபோது, பட்டறையோடு அங்கிருந்த ஆட்களும் ஃபியட்டுக்குச் சென்றனர். இருபது வயதும் நிரம்பாத நிலையில் வின்சென்சோ அந்நிறுவனத்தின் வண்டிகளை ஓட்டிப் பார்த்துத் தேர்பவர் ஆனார். அங்கிருந்து பந்தயக் களத்துக்குச் செல்வது ஓரடித் தொலைவே.

பந்தயத்தில் அவர் பெற்ற புகழ் பெரிது. பெற்ற வெற்றி அத்துணைப் பெரிதன்று. 1904-இல் பிரெஷியா நகரில் நிகழ்ந்த புளோரியோ கோப்பைப் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். 1905-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் நிகழ்ந்த வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தில் ஏனையோரை நெடுந்தொலைவு பின்தள்ளி முன்னே சென்றார். நின்ற இடத்திலிருந்து மீண்டும் சாலையில் ஏறும்போது, பின்னால் விரைந்து வந்த வண்டியோடு மோதினார். நான்காம் இடமே கிட்டியது. உடன் பணியாற்றிய பெலிச்சே நசாரோ பொறியைத் தாங்கித் தாங்கி ஓட்டுபவர்; 1907-இல் பெரும் பந்தயங்கள் மூன்றனையும் வென்றவர். வின்சென்சோ பொறியின் எல்லையைக் கண்டறியாமல் விடமாட்டார். பந்தய வீரர்க்கு இது குறை. வண்டி செய்வோர்க்கு இதனினும் சிறந்த பள்ளி இல்லை. எப்பாகம் எங்கு முறியும் என்பதை அவர் தம் உயிரைப் பணையம் வைத்தே கற்றார்.

தீயில் தொடங்கிய தொழில்

1906-ஆம் ஆண்டு நவம்பரில், உடன் பணியாற்றிய கிளாடியோ போகோலின் என்பாருடன் சேர்ந்து, தூரினில் தம் பெயரிலேயே ஒரு நிறுவனம் கண்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் பட்டறை தீப்பற்றியது. வரைபடங்களும் செய்து வைத்த பாகங்களும் எரிந்தன. எனினும் அவ்வாண்டு முடிவதற்குள் முதல் வண்டி சாலையில் ஓடியது. வண்டிகளுக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் எழுத்துகளையே பெயராக இட்டனர். செம்மொழிப் புலமை வாய்ந்த தமையனார் ஜோவன்னி கூறிய யோசனை அது. ஆல்ஃபா, பீட்டா, தீட்டா என வரிசை தொடர்ந்தது. ஓர் எழுத்து வரிசையே ஒரு தொழிற்சாலையின் வரலாறாக அமைந்தமை மொழி மாணவர்க்குச் சுவை தருவதாகும். 1911-இல் கார்லோ பிஸ்கரெத்தி என்னும் ஓவியச் செல்வர் ஈட்டியும் கொடியும் அமைந்த இலச்சினையை வரைந்தளித்தார். இப்பெயரை வாசகர் நினைவில் கொள்க.

முதல் உலகப் போரில் நிறுவனம் படைக்கான பார வண்டிகளையும் கவச வண்டிகளையும் செய்தது. போருக்குப் பின்னும் அக்கவச வண்டிகள் ஓய்ந்திருக்கவில்லை. இலிபியாவிலும் அபிசீனியாவிலும் இத்தாலியப் படை நடத்திய அடக்குமுறையில் அவை பயன்பட்டன. தம் மண்ணுக்காகப் போராடிய மக்களுக்கு எதிரே லான்சியாவின் ஈட்டிக்கொடி நின்றது என்னும் உண்மையை, அவர்தம் கைத்திறனைப் போற்றும் நூல்கள் பலவும் மெல்லத் தாண்டிச் செல்கின்றன. திறனைப் போற்றுவோர் இதனையும் அறிந்தே போற்ற வேண்டும்.

லாம்டா

அவர் பெயரை நிலைநிறுத்திய வண்டி லாம்டா. அது தோன்றிய வகைக்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. கப்பற் பயணம் ஒன்றில் அலைகளுக்கிடையே கலத்தின் உடல் வளையாது நிற்பதைக் கண்டு, சாலை வண்டிக்கும் ஏன் இவ்வுடல் ஆகாது என அவர் எண்ணினார் என்பது ஒன்று. தாயாரை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்குச் செல்லும் வழியில் முன்புறப் பட்டைவில் முறிந்து வண்டி தடுமாறிற்று. அன்றே புதிய சக்கர அமைப்பைத் தேடத் தொடங்கினார் என்பது மற்றொன்று. கதைகள் எவ்வாறாயினும், சட்டமில்லாத உடலுக்கு 1918-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காப்புரிமை கோரியதும், 1919-இல் அது கிடைத்ததும் பதிவுபெற்ற செய்திகள். பத்திஸ்தா பல்கெத்தோ என்னும் இளம் வரைவாளர் அவர் எண்ணத்தைக் கோடுகளாக்கினார். 1921 செப்டம்பரில் முதல் மாதிரி மலைச்சாலையில் ஓட்டிப் பார்க்கப்பெற்றது. 1922-இன் இறுதியில் பாரிசிலும் இலண்டனிலும் நடந்த கண்காட்சிகளில் அது மக்கள்முன் வைக்கப்பெற்றது.

அதன் உடலமைப்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். எஃகுத் தகடுகளை வளைத்துத் தறையாணிகளால் இணைத்த ஒரு தொட்டி என்று அதனைச் சொல்லலாம். பக்கச் சுவர்கள் உயரமானவை; அவையே தோணியின் பலகைகள். இருக்கைகளின் பின்புறத் தடுப்புகள் குறுக்குச் சுவர்களாய் நின்று உடல் முறுக்காமல் காக்கின்றன; அவையே வங்குக்கால்கள். பொறியின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் தண்டு, தரையின் நடுவே அமைந்த குகை போன்ற வழியில் செல்கிறது; அக்குகை ஏராவைப் போல் முதுகெலும்பாகிறது. கதவுக்காக வெட்டும் இடம் பெரிதானால் சுவர் வலுவிழக்கும். ஆதலின் கதவுகள் சிறியவை. ஏறுவோர் காலைச் சற்றுத் தூக்கி வைத்தே உள்ளே செல்ல வேண்டும், படகில் ஏறுவது போல. அக்காலத்து ஏனைய வண்டிகளில் மக்கள் சட்டத்தின் மேல் அமர்ந்தனர். லாம்டாவில் உடலின் உள்ளே அமர்ந்தனர். வண்டி தாழ்ந்தது; வளைவுகளில் சாயாமல் சென்றது.

முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் செங்குத்தான குழாய் ஒன்றினுள் சுருள்வில்லும் எண்ணெயும் தாங்க, தனித்தனியே மேலும் கீழும் அசைந்தன. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது அதனை அறியாது. நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருந்தது. அந்நாளில் அது அரிது. நான்கு உருளைகளையும் சுமார் 13 பாகைக் கோணத்தில் நெருக்கி வைத்த சிறிய பொறி, 2,120 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் 49 குதிரைத்திறனே தந்தது. எனினும் இதனினும் பெரிய பொறிகளைக் கொண்ட வண்டிகளை வளைவுச் சாலைகளில் அது முந்திற்று. 1928-ஆம் ஆண்டின் மில்லே மில்யா என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தில் லாம்டா ஒன்று மூன்றாம் இடம் பெற்றது. குடும்பத்தோடு செல்வதற்கென்று செய்த வண்டி, பந்தயத்துக்கென்றே பிறந்தவற்றோடு நின்று பெற்ற இடம் அது.

1931 வரை ஒன்பது தொடர்களாக, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட லாம்டாக்கள் செய்யப்பெற்றன. இவற்றுள் ஒரு முரண் உண்டு. செல்வர்கள் தத்தம் விருப்பப்படி உடல் கட்டிக்கொள்ள விரும்பினர். சட்டமே இல்லாத வண்டியில் எதன்மேல் கட்டுவது? ஆகவே பிற்காலத் தொடர்களில் தனிச் சட்டம் கொண்ட வடிவத்தையும் அவர் விற்க நேர்ந்தது. தாம் ஒழித்த ஒன்றை வாங்குவோர்க்காகத் தாமே மீண்டும் செய்தளித்தார். கம்மியர் வணிகருக்கு விட்டுக்கொடுத்த இடம் இது.

இறுதி ஆண்டுகள்

1922-இல் அவர் அதேல் மில்யெத்தி அம்மையாரை மணந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பத்திஸ்தா பரினா 1930-இல் தம் உடற்கட்டுப் பட்டறையைத் தொடங்கியபோது பொருளும் ஊக்கமும் அளித்தவர்களுள் லான்சியாவும் ஒருவர். அவர்தம் இறுதிப் படைப்பு அப்ரிலியா. தூரின் பல்தொழில் நுட்பக் கல்விக்கூடத்தின் காற்றுக் குகையில் ஆய்ந்து வடித்த உடல் அதற்கு அமைந்தது. லாம்டாவின் கொள்கை இம்முறை கூரையோடு கூடிய முழு உடலாக வளர்ந்தது. 1936-இல் பாரிசில் காட்டப்பெற்ற அவ்வண்டி, வாங்குவோர் கைக்குச் செல்லும் தறுவாயில், 1937 பிப்ரவரி 15-ஆம் நாள் மாரடைப்பால் அவர் மறைந்தார். அகவை 55. அம்மையாரும், பின்னர் மகன் ஜியான்னியும் நிறுவனத்தைத் தாங்கினர். நிறைவை நாடிய தந்தையின் இயல்பு மகனையும் பற்றியது, செலவு மிகுந்தது, உரிமை குடும்பத்தின் கையை விட்டுச் சென்றது. 1969-இல் அது, வின்சென்சோ தொழில் பயின்ற அதே ஃபியட்டின் உடைமையாயிற்று.

தீண்டாத வண்டியின் மதிப்பு

அவர் மறைந்த பின் லாம்டாக்களுக்கு நேர்ந்தது ஒரு தனி வரலாறு. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேகப் பற்றுடையோர் பலர் பழைய லாம்டாக்களை வாங்கி, நடுவே வெட்டிக் குறுக்கி, இருவர் அமரும் பந்தய வண்டிகளாக மாற்றினர். சட்டமுள்ள வண்டியாயின் பெட்டியை மாற்றினாலும் அடிப்படை எஞ்சும். லாம்டாவில் உடலை வெட்டுவது செய்தவரின் எண்ணத்தையே வெட்டுவதாகும். இதனாலேயே வெட்டப்படாத, புதுப்பிக்கப்படாத லாம்டா ஒன்று விற்பனைக்கு வருமாயின், சேகரிப்போர் அதனை வெறும் பழம்பொருளாகக் காண்பதில்லை. மூல ஆவணமாகக் காண்கின்றனர். பொறியின் எண்ணும் உடலின் எண்ணும் இணைகின்றனவா, தறையாணிகள் அக்காலத்தனவா, வண்ணம் முதலில் பூசியதா, இருக்கைத் தோல் முதலில் தைத்ததா என ஒவ்வொன்றாக ஆராய்கின்றனர்.

இந்நோக்கு உலகில் வலுப்பெற்றது அண்மைக் காலத்திலேதான். முன்னெல்லாம் பழைய வண்டி என்றால் முழுதும் பிரித்து, சுரண்டி, புதியதினும் பளபளப்பாக ஆக்குவதே பெருமை எனப்பட்டது. அமெரிக்காவின் பெப்பிள் பீச் அணிவகுப்பில் புதுப்பிக்காத வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவு 2001-இல் வந்தது. 2015-இல் பாரிசில் நிகழ்ந்த ஏலம் ஒன்று இம்மாற்றத்தை உலகறியச் செய்தது. மேற்குப் பிரான்சின் கொட்டகைகளில் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்த வண்டிகள் அங்கு விற்கப்பெற்றன. பழைய இதழ்க் கட்டுகளின் கீழ்ப் புதைந்து கிடந்த ஃபெராரி மகிழுந்து ஒன்று, தூசும் கீறலுமாக, ஒரு கோடியே அறுபது இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று.

தூசுக்கா இவ்வளவு விலை என வினவுவோர்க்கு, நம் கரையோர வணிகர்கள் விடை கூற வல்லார். காயல்பட்டினத்து மணி வணிகர் கல்லைப் பட்டை தீட்டி விற்பர். தீட்டத் தீட்ட விலை உயரும். முத்து அவ்வாறன்று. சிப்பியில் கிடைத்த தோலோடும் ஒளியோடுமே அதற்கு மதிப்பு. தமிழ் மாணவர்க்கு இதனினும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. முன்னர்க் குறித்த மற்றொரு விடை இதுவே. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர், தமக்குப் பொருள் விளங்காத இடத்தைத் தம் மனம்போல் திருத்திவிட்டால், பின்வருவோர்க்கு மூலம் என்றென்றும் மறைந்துவிடும். உ.வே.சாமிநாதையர் தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, வேறு பாடங்களை அடியில் காட்டினார். பிழையெனத் தோன்றியதும் ஒரு நாள் சான்றாகலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். பழைய வண்டியின் மங்கிய வண்ணமும் அத்தகைய ஒரு பாடமே. அதன் அடுக்குகளில் எந்தச் சாயம், எத்தனை பூச்சு, எந்தக் கை என்பன எழுதப்பட்டுள்ளன. சுரண்டியபின் படிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஓடாவியின் வழக்கு இதற்கு நேர்மாறானது. உளுத்த பலகையை அவர் மாற்றுவார். அடுத்த ஆண்டு வேறொன்றை மாற்றுவார். முப்பது ஆண்டு ஓடிய தோணியில் முதற்பலகை எத்தனை எஞ்சும் என்று எவரும் எண்ணுவதில்லை. கடலுக்குச் செல்லும் கலத்துக்கு இதுவே அறம். அதில் மனித உயிர் ஏறுகிறது. லாம்டாவின் உரிமையாளரும் தேய்ந்த பிரேக்கையும் வெடித்த டயரையும் மாற்றாமல் சாலைக்கு வருவாராயின் அது பேணுதல் ஆகாது, பேதைமையாகும். எதனை மாற்றுவது, எதனைத் தீண்டாது விடுவது என்னும் எல்லையே இத்துறையின் உண்மையான வழக்கு. இதனிடையே வணிகச் சூழ்ச்சியும் புகுந்துள்ளது. வெறும் புறக்கணிப்பையே பாதுகாப்பு என்று பெயரிட்டு விற்போரும், புதுத் தகட்டில் செயற்கையாகத் துரு ஏற்றுவோரும் உளர். தீண்டாமல் விட்டது வேறு, கவனியாமல் விட்டது வேறு. நல்ல நிலையில் பேணிய வண்டியைத் திறந்து பார்த்தால், எண்ணெயிட்ட கையின் தடம் எங்கும் தெரியும்.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. 2021-இல் நடுவணரசு வகுத்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே பேணப்பட்டு, பெருமாற்றம் ஏதும் செய்யப்படாத வண்டியே பழம்பெரும் வண்டி என்று தனிப்பதிவு பெறும். கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவின் பெயரால் விளங்கும் மகிழுந்துக் காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள், பளபளப்பை மட்டும் கண்டு திரும்பாமல், ஒவ்வொரு வண்டியிலும் எது மூலம், எது பின்னர்ச் சேர்ந்தது என்று வினவிப் பழகுதல் நன்று.

பழைய வண்டிகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு இதற்கென ஒரு பட்டயத்தை 2012-இல் ஏற்றது. அது தூரின் பட்டயம் என்றே பெயர் பெற்றது. மாற்றிய பாகம் எதுவாயினும் அதன்மீது நீங்காத அடையாளம் இட வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. சுவடியில் சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் பகர அடைப்புக்குள் இட்டு நிரப்புவது போன்றதே இதுவும். அதே தூரின் நகரில்தான் இத்தாலிய நாட்டின் தேசிய மகிழுந்துக் காட்சியகமும் உள்ளது. 1960-இல் அது தற்போதைய இடத்தில் திறக்கப்பெற்றது. அதனை உருவாக்க வாழ்நாளெல்லாம் உழைத்து, திறப்பதற்கு முந்திய ஆண்டில் மறைந்தவர் கார்லோ பிஸ்கரெத்தி. 1911-இல் லான்சியாவுக்கு ஈட்டியும் கொடியும் வரைந்தளித்தவர்.